பயில்வான் கேட்ட பலம்

பயில்வான் படியேறும் சத்தம் கேட்டாலே தையலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கடவுளே, பலம் கொடு." ஒரு படி. கொஞ்சம் இடைவெளி. "கடவுளே, பலம் கொடு." இன்னொரு படி.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கெட்டுப்போய் ஒரு மாதமாகிறது. இரண்டாவது மாடியில் படிக்கட்டைப் பார்த்தாற்போல் இருந்த வீட்டின் முன்னறைதான் தையலக்காவின் கடை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மெஷினை மிதித்தால் போகிறவர் வருகிறவர் அத்தனை பேரும் கண்ணில் படுவார்கள். பயில்வானுக்கு வீடு நான்காவது மாடியில்.

பயில்வான் என்பது பட்டப்பெயர்தான். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பது அவர் தொழில். ஆளுயர ஃபிரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு, இதே படிக்கட்டில் விசிலடித்தபடி ஏறியவர். வருஷத் தொடக்கத்தில் பக்கவாதம் வந்து இடது கையையும் காலையும் முடக்கிப் போட்டுவிட்டது. தினமும் கீழே இறங்கி நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இறங்குவது எப்படியோ நடந்துவிடும். ஏறுவதுதான் பெரும்பாடு.

வலது காலை மேல்படியில் வைப்பார். கடவுளைக் கூப்பிடுவார். அப்புறம் இடது கால் வரும். அது தானாக வராது. குச்சி மாதிரி இருக்கிற அவர் மனைவி, அவருடைய இடது அக்குளுக்குள் தோளைக் கொடுத்து, பெல்ட்டைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவாள்.

இரண்டாவது மாடி வந்ததும் தையலக்காவின் வாசலுக்கு எதிரே சுவரில் சாய்ந்துகொள்வார். கண்ணை மூடி எதையோ முணுமுணுப்பார். பிறகு உரக்க, "நன்றி கடவுளே, இவ்வளவு தூரம் ஏத்திவிட்டே" என்பார்.

ஏற்றிவிட்டது யார் என்று தையலக்காவுக்குத் தெரியாதா? பக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாளே. தூக்குகிறவள் ஒருத்தி, நன்றி மட்டும் வேறொருவருக்கு. அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் தையலக்கா இதைச் சொல்லித்தான் மனசை ஆற்றிக்கொண்டாள்.

ஒருநாள் பயில்வானின் மனைவி அவருடைய சட்டைகளைக் கொண்டுவந்தாள். ஒற்றைக் கையால் பொத்தான் போட வரவில்லை, எடுத்துவிட்டு ஒட்டுகிற பட்டை வைத்துத் தரவேண்டும் என்றாள். தையலக்கா சட்டையை வாங்குவதற்கு முன்பே பிடித்துக்கொண்டாள். உன்னைத் தூக்கவைத்துவிட்டுக் கடவுளைக் கூப்பிடுகிறாரே, உனக்குக் கோபமே வராதா என்று கேட்டாள்.

அவள் சிரித்தாள். "வேற யாரைக் கூப்பிடுவார், அக்கா? லிஃப்ட்காரனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்கே அலுத்துப்போச்சு."

ஊருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தே பழகிய மனுஷர், தனக்கு ஒரு கை கொடுங்கள் என்று யாரிடமும் வாய்விட்டுக் கேட்கமாட்டார் என்றும் சொன்னாள். நல்ல நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு தையலக்கா கத்தரிக்கோலை எடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல் சத்தம் ஏறிவந்தது. "கடவுளே, பலம் கொடு." ஒரு படி. மறுபடியும் கடவுள், மறுபடியும் ஒரு படி. அப்புறம் சத்தமே இல்லை.

தையலக்காவின் கால் மெஷினில் நின்றுபோனது. எட்டிப் பார்த்தாள். வாசலுக்குச் சில படிகள் கீழே பயில்வானின் மனைவி முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவர் வலது கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். உடம்பு மெல்லப் பின்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

எப்படி இறங்கினாள் என்று தையலக்காவுக்கே தெரியாது. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, அவர் பின்னால் போய் இரண்டு கைகளாலும் முதுகைத் தாங்கித் தள்ளினாள். பீரோவைத் தள்ளுவதுபோல் இருந்தது. அதற்குள் அவர் மனைவியும் சுதாரித்து எழுந்து தோளைக் கொடுத்தாள். ஒருத்தி தூக்க, ஒருத்தி தள்ள, ஒவ்வொரு படியாக மூவரும் மேலே வந்து சேர்ந்தார்கள்.

பயில்வான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். "நன்றி கடவுளே, ஏத்திவிட்டே."

தையலக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, இப்போ பின்னாலேயிருந்து தள்ளினது நான். இத்தனை நாளாத் தூக்கிட்டு வந்தது இவ. இவளைப் பத்தி ஒருநாளாவது நினைச்சுப் பார்த்தீங்களா?"

பயில்வான் கண்ணைத் திறந்தார். கோபப்படவில்லை. பாதி வாயால் சிரித்தார்.

"ஒவ்வொரு படியிலயும் இவளை நினைச்சுத்தாம்மா கேக்கறேன். பலம் எனக்குன்னு யார் சொன்னா? எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லைன்னு முதல்நாளே தெரிஞ்சுபோச்சு. இந்தக் குச்சி உடம்புக்குள்ள என்னைத் தூக்கற பலம் வருதே, அது கடவுள் குடுக்காம வேற யார் குடுப்பா?"

தினமும் வீட்டுக்குப் போனதும் அவரைத் தூக்கித் தூக்கி நோகிற தன் இடுப்புக்கு ஒற்றைக் கையாலேயே தைலம் தேய்த்துவிடுவதும் அவர்தான் என்று மனைவி வெட்கத்தோடு சொன்னாள்.

தையலக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, என் வாசலில் நின்று தினமும் முணுமுணுப்பீர்களே, அது என்ன என்று கேட்டாள்.

பயில்வான் கொஞ்சம் தயங்கினார்.

"அதுவா? இவ ஒருத்தியால முடியலை, இன்னொரு ஆளை அனுப்புன்னு ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன், தங்கச்சி. இன்னிக்குத்தான் நீங்க மெஷினை விட்டு எழுந்து வந்தீங்க."