கொட்டாவியும் பவுடரும்

"செத்தவன் சட்டைப் பொத்தான் அஞ்சுலயும் உன் கைரேகைதான்யா இருக்கு! இதுக்கு என்ன சொல்ற?"

பவுடர் போட்ட அதட்டலில் இஸ்திரிக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "இஸ்திரி போட்டவன் கைரேகை சட்டையில இல்லாம வேற எங்க சார் இருக்கும்? துணியை வாசல்லயே குடுத்துட்டுப் போயிடுவேன். இந்த ரூமுக்குள்ள இன்னைக்குத்தான் காலே வைக்கிறேன்."

பவுடர் என்பது அந்த இளம் இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷன் வைத்த பெயர். கைரேகைப் பவுடர், பிரஷ், நம்பர் ஒட்டிய பைகள் என்று ஒரு பெட்டியோடுதான் எங்கேயும் போவார். ரேகை கிடைத்தால் கொலைகாரன் கிடைத்த மாதிரி என்பது அவர் கட்சி.

அவரோடு ஜோடி சேர்த்துவிட்டிருந்த மூத்த இன்ஸ்பெக்டருக்குப் பெயர் கொட்டாவி. காரணம் சொல்லத் தேவையில்லை. காலையில் பவுடர் வந்தபோதே ஃபேனைச் சுழலவிட்டு, செத்தவனின் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார். இந்த மனுஷனுக்கும் சம்பளம் கொடுக்கிறார்களே என்று பவுடருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செத்தவனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 'மீட்டர்' என்றால் ஊரே நடுங்கும். பெரிய கும்பல் ஒன்றின் பணத்தைக் கந்துவட்டிக்கு விட்டவன். ஊரில் பாதிப் பேர் அவனுக்கு வட்டி கட்டினார்கள், மீதிப் பேர் அவனிடம் மாமூல் வாங்கினார்கள். நான்கு நாளைக்கு முன் மாடியில் உள்ள இந்தத் தனியறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, முதுகில் கத்தியோடு கிடந்தான்.

"அந்த லிஸ்ட்டை இன்னொரு தடவை படி தம்பி," என்றார் கொட்டாவி, கண்ணைத் திறக்காமலே.

பவுடர் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். "கதவு உடைபடல. ஜன்னல் சாத்தியிருந்துச்சு. ரெண்டு டம்ளர், ரேகையைத் துடைச்சிருக்காங்க. லைட் எரியல, ஃபேன் ஓடல. சட்டையில அஞ்சு ரேகை..."

"இந்தப் புழுக்கத்துலயா?" என்றார் கொட்டாவி. ஒரு நீளமான கொட்டாவி விட்டுவிட்டு இஸ்திரிக் கடைக்காரரைப் பார்த்தார். "சரி, நீ கீழ போய் உட்காருய்யா. போகும்போது அந்த ஃபேனை நிறுத்திட்டுப் போ."

கதவோரம் இருந்த பலகையில் எட்டு சுவிட்ச். பாவம், அந்த ஆள் எட்டையும் அமுக்கிப் பார்த்தார். ஒரு லைட் எரிந்து அணைந்தது, இன்னொரு லைட் எரிந்து அணைந்தது, கீழே எங்கேயோ மணி அடித்தது. ஃபேன் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"விடு, ஓடட்டும்."

நேற்று வந்த மீட்டரின் கூட்டாளிகள் மூன்று பேருக்கும் இதே வேலைதான் கொடுத்தார் கொட்டாவி. அவர்களைக்கூட மீட்டர் இந்த அறைக்குள் விட்டதில்லையாம். அவர்களாலும் ஃபேனை நிறுத்த முடியவில்லை. அது ரிப்பேர் என்று பவுடர் முடிவு கட்டியிருந்தார்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார் பவுடர். இஸ்திரிக் கடைக்காரரின் மனைவி காலையிலிருந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவருக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. ரேகை பொய் சொல்லுமா என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அப்போதுதான் பெரிய ஐயா மாடிப்படி ஏறி வந்தார். கமிஷனர் அவர். இரண்டு இன்ஸ்பெக்டர்களும் விறைப்பாக சல்யூட் அடித்தார்கள்.

"சே, எத்தனை சந்துய்யா! வழி கேட்டுக் கேட்டு வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு. இந்த ஆள் வீடு இங்க இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்." கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கைரேகை இருக்குல்ல? அப்புறம் என்ன? சாயங்காலம் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அந்த இஸ்திரிக்காரன் மேல கேஸைப் போட்டு உள்ள தள்ளுங்க."

பவுடர் ஒரு அடி முன்னால் வந்தார். "ஐயா... இஸ்திரி போட்டவன் ரேகை சட்டையில இருக்கறது சகஜம்தானே..."

"நீ எனக்குப் பாடம் எடுக்காதே! கேஸ் முடிஞ்சுது. ரூமைப் பூட்டிட்டுக் கிளம்புங்க."

கொட்டாவி பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஃபேனைத் திரும்பியும் பார்க்காமல், முதல் ஆளாக வாசல்வரை நடந்தார். பெரிய ஐயாவுக்கு வந்ததே கோபம். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பவர் அவர். லாக்கப் பல்பைக்கூட விட்டுவைக்கமாட்டார்.

"யோவ், கரண்ட் என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா?"

கத்தியபடியே, பார்வையைக்கூடத் திருப்பாமல், இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த நாலு விரல் சந்தில் கையை விட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது.

பவுடர் வாயைப் பிளந்தார். கொட்டாவி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் கண்ணில் தூக்கமே இல்லை.

"ஐயா, அந்த சுவிட்சைக் கண்டுபிடிக்க எனக்கு முழுசா ரெண்டு நாள் ஆச்சுங்க."