மறுபடியும் நீலத் திரை

"கம்ப்யூட்டர்ல மறுபடியும் நீலக் கலர் வந்துடுச்சு சார்," என்றாள் ஆபீஸ் கிளார்க் ஹெப்சி.

மேனேஜர் முனீர் அகமது நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இன்னாப்பா இது நெல்வின்? போன வாரம் நீ புது டிஸ்க் மாட்டின. அதுலேர்ந்து ஒரே பேஜார். பழசு ஆமை மாதிரி போனாலும் நிக்காம போச்சு."

வேலூரிலிருந்து பைக்கில் பறந்து வந்திருந்த நெல்வின் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இது எஸ்.எஸ்.டி. சார். உள்ளே சுத்துற பார்ட்டே கிடையாது. ரிப்பேர் ஆவுறது ரொம்பக் கம்மி."

"கம்மியா? காலையிலேர்ந்து மூணு தரம் படுத்துடுச்சு. முதலாளி சென்னையிலேர்ந்து போன் மேல போன் போட்டு என்னை வறுத்து எடுக்கறார். அஞ்சரை மணிச் சங்கு ஊதறதுக்குள்ள நாப்பது லெட்டரும் பிரிண்ட் ஆகணும்."

என்ன லெட்டர் என்பது ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனி முழுக்கத் தெரிந்திருந்தது. ஜெர்மனி ஆர்டர் ரத்தாகிவிட்டது. தையல் பிரிவின் நாற்பது பெண்களுக்கு இன்றோடு பயிற்சிக் காலம் முடிகிறது. இன்றே வேலை இல்லை என்று லெட்டரைக் கையில் கொடுத்தால் போய்விடுவார்கள். நாளைக் காலை உள்ளே வந்து வருகைக் கார்டு போட்டுவிட்டால் நிரந்தரம். அப்புறம் அனுப்புவது லேசில்லை. அவர்கள் விவரம் முழுவதும் இந்த ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது.

"இன்னிக்கு இது ஓடலேன்னா, எங்க மூணு யூனிட் கம்ப்யூட்டர் சர்வீஸும் வேற ஆளுக்குப் போயிடும். பார்த்துக்கோ," என்றார் முனீர்.

இந்த மூன்று யூனிட்டை நம்பித்தான் நெல்வின் போன மாதம் இருந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டிருந்தான்.

ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினான். டிஸ்கிலிருந்து வரும் சிவப்பு கேபிளை மாற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டு, 'டக்'கென்று உட்காரும்வரை அழுத்தினான். ஸ்விட்சைப் போட்டான். கண் மூடித் திறப்பதற்குள் விண்டோஸ் வந்து நின்றது.

"ஸ்பீடு பார்த்தீங்களா சார்? இனிமே நிக்காது. பிரிண்ட் குடுக்கலாம்."

"லெட்டர்ஹெட் பேப்பர் ஸ்டோர்லேர்ந்து வரணும். அதுக்குள்ள நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. மூஞ்சியே சரியில்ல உனக்கு."

டீயை வாய் பொத்துப்போகக் குடித்துவிட்டுத் திரும்பினான். திரை நீலமாக இருந்தது. அறையில் ஹெப்சி மட்டும் பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முனீர் வராந்தாவில் போனில் இருந்தார்.

நெல்வின் குனிந்து டார்ச் அடித்தான். சிவப்பு கேபிள் பாதி வெளியே வந்திருந்தது. அத்தனை அழுத்தி மாட்டியது. யாராவது இழுத்தாலொழிய வராது.

மெல்லத் தலையைத் தூக்கினான். ஹெப்சி பிரித்த பேப்பரைப் பிரிண்டரில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, உனக்கு யாராவது வேண்டியவங்க அந்த நாப்பது பேர்ல..."

"எங்க அக்காதாண்ணா. ஜெபகனி," என்றாள். கண்கள் நிறைந்துவிட்டன. "மாமாவுக்கும் வேலை இல்ல. ரெண்டு புள்ளைங்க."

கேபிளை அழுத்தினால் போதும். நாற்பது லெட்டரும் வந்துவிடும். கழற்றியது யார் என்று சொல்லிவிட்டால் அவன் மேல் பழியும் இல்லை. ஹெப்சிக்கு நாற்பத்தோராவது லெட்டர்.

முனீர் உள்ளே வந்தார். "இன்னா, கண்டுபிடிச்சியா?"

ஹெப்சி திரும்பவே இல்லை.

"டிஸ்க்தான் சார் கோளாறு," என்றான் நெல்வின். தன் குரலே அவனுக்கு அந்நியமாகக் கேட்டது. "வேற வரவழைக்கணும். இன்னிக்கு முடியாது. என் தப்புதான்."

"நிச்சயமா சொல்றியா?"

"நிச்சயமா சார்."

முனீர் போனை எடுத்தார். எதிர்முனையில் முதலாளி கத்துவது அறை முழுக்கக் கேட்டது. "ஆமா சார்... ஒண்ணும் பண்ண முடியாதாம் சார்... அவனைத் துரத்திடறேன் சார்."

சங்கு ஊதியது. முனீர் ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "வேலை தெரியாத ஆளுக்கு இன்னாத்துக்குய்யா கடை? எடத்தைக் காலி பண்ணு."

நெல்வின் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். தையல் பிரிவுப் பெண்கள் டிபன் தூக்குகளுடன் அவனைக் கடந்து போனார்கள். நாளைக்கு வரலாமா கூடாதா என்று ஒருத்தி கேட்க, "லெட்டர் வரல இல்ல, வாடி," என்றாள் இன்னொருத்தி. அவன் பைக்கை உதைத்தான்.

"நெல்வின், இரு."

முனீர் மூச்சிரைக்க வந்து நின்றார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலையில அந்தப் பொண்ணுங்க கார்டு போட்டதும் வந்துடு தம்பி. அந்தச் சிவப்பு ஒயரை நீதான் மாட்டணும். எனக்குக் கழட்ட மட்டும்தான் தெரியுது."