உள்ளங்காலில் ஒரு பூண்டு

பவுனம்மாளின் உள்ளங்காலில் இருந்த மச்சம் மூன்று மாதமாக வளர்ந்துகொண்டே வந்தது. பூண்டின் சத்து தோல் புற்றுநோயைத் தடுக்குமா என்று ஆராய்கிறார்கள் எனப் பேப்பரில் படித்தவள், ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிவைத்தாள். ஒரு பூண்டுப் பல்லை நசுக்கி மச்சத்தின் மேல் வைத்துக் கட்டினாள்.

“என்னைப் பத்திப் பேப்பர்லயே போட்டிருக்காங்க. நீ கிளம்பு” என்றது பூண்டு.

“வாங்க அண்ணே, சௌகரியமா இருங்க” என்றது மச்சம்.

“சண்டைக்கு வந்தவனை இப்படியா உபசரிப்பாங்க?”

“அந்த ஆராய்ச்சியெல்லாம் கண்ணாடிக் குப்பியில நடக்குது அண்ணே. நான் இருக்கிறது கால்ல. நீங்க என் மேல இருக்கிற வரைக்கும் இவ டாக்டர்கிட்ட போகமாட்டா.”

தோலை எரிய வைப்பது மட்டும்தான் தனக்கு நிச்சயமாகத் தெரிந்த வேலை என்று பூண்டுக்குப் பட்டது. காரம் முழுவதையும் இறக்கியது.

பவுனம்மாள் துடித்துப்போய்க் கட்டை அவிழ்த்துப் பூண்டை வீசினாள். கால் கொப்பளித்திருந்தது. செருப்புப் போட முடியாமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். “கொப்புளம் ஆறிடும்மா. இந்த மச்சம் எத்தனை நாளா இருக்கு?”

வீட்டில் குப்பைக் கூடையில் கிடந்த பூண்டுக்கு அது கேட்கவில்லை.