கிளினிக் வாங்கு

“டொக்டர் வடிவாப் பாக்கிறாரோ, ஐயா?”

ஆஸ்பத்திரியின் மாதாந்தக் கிளினிக்குக்கு வரும் வயதான நோயாளர்களுக்குத் திருப்திதானா என்று கேட்டுவர மருத்துவ மாணவி வதனியை அனுப்பியிருந்தார்கள்.

“ஓம் பிள்ளை. ஒரு குறையுமில்லை,” என்றார் அருளப்பு. அதே நீள மர வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூதாட்டி மடியில் ஒரு பொதியை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“மருந்து?”

“தட்டுப்பாடுதானே. பாதிக் குளிசைதான் தருவினம். அதுவும் பரவாயில்லை.”

“காலமையிலையிருந்து இந்த வாங்கிலை இருக்கிறியள். அலுப்பில்லையோ?”

“சீச்சீ! போன மாதம்தான் வந்த உடனையே கெதியாக் கூப்பிட்டுப் போட்டினம்.”

பாவம், உண்மையைச் சொல்லப் பயப்படுகிறார் என்று வதனி நினைத்தாள்.

“இனிக் காத்திருக்கத் தேவையில்லை ஐயா. சனத்தைக் குறைக்க ஊர் ஊராப் பிரிக்கப் போறம். வாற மாதம் தொடக்கம் கொக்குவில் ஆக்கள் திங்கக்கிழமை வரலாம். உரும்பிராய் ஆக்கள் வியாழக்கிழமை.”

அருளப்பு பதறிப்போனார். “ஐயோ, அப்பிடிச் செய்து போடாதை பிள்ளை!”

“ஏன்?”

மூதாட்டி பொதியைப் பிரித்து, புட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எங்கடை குருநகர் வீடு ஷெல்லடியிலை போச்சுது,” என்று அருளப்பு மூதாட்டியைக் காட்டினார். “நான் மகனோடை கொக்குவிலிலை. இவ மகளோடை உரும்பிராயிலை. ரெண்டு வீட்டிலையும் எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து இடமில்லை. கலியாணம் கட்டினதிலையிருந்து பிரிஞ்சிருந்து பழக்கமில்லை, பிள்ளை. இப்ப மாதத்திலை ஒருக்கா, இந்த வாங்கிலைதான்.”

உள்ளிருந்து தாதி, “அருளப்பு!” என்று கூப்பிட்டார்.

வதனி விரைந்து கதவடிக்குப் போனாள்.

“சிஸ்ரர், இந்த ரெண்டு பேருக்கும் எப்பவும் ஒரே நாள்தான். இண்டைக்குக் கடைசியாக் கூப்பிடுங்கோ.”