முச்சந்தியில் போட்ட காய்ச்சல்

“பொண்ணோட முடியையும் ஒரு டோங் நோட்டையும் சிவப்புக் காகிதத்துல மடிச்சு முச்சந்தியில போட்டுடு. யார் எடுக்கிறாங்களோ, காய்ச்சல் அவங்களுக்குப் போயிடும். போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காதே,” என்றாள் குறிசொல்லி.

ஆஸ்பத்திரி கைவிரித்துவிட்டது. பெற்றவனுக்குப் பாவ புண்ணியம் பார்க்கிற நேரமா அது?

“யாரோ முகம் தெரியாத ஆளுதானே?” என்றான் கியென், மனைவியிடம்.

துவா வாதாடவில்லை. “எந்த முச்சந்தியில போடப் போறீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“படகுத்துறைகிட்ட.”

போட்டுவிட்டுப் பத்தடி நடந்திருப்பான். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அது பொட்டலத்தருகே வந்து நின்றது.

‘எடுக்காதீங்க!’ என்று தொண்டைவரை வந்தது. மகளின் வெளுத்த உதடுகள் நினைவுக்கு வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அவன் மகளின் படுக்கையருகே உட்கார்ந்திருந்தபோது, துவா கஞ்சிக்கு மீன் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“யாரோ எடுத்துட்டாங்க துவா. சத்தம் கேட்டுச்சு. ஒரு குரல் கொடுத்திருந்தா விட்டுட்டுப் போயிருப்பாங்க. நான் கொடுக்கல. அவங்களுக்கும் ஒரு குடும்பம் இருக்குமே!” அவன் உடைந்து அழுதான்.

“அழாதீங்க. எடுத்தவ தெரிஞ்சேதான் எடுத்தா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

துவா குனிந்து மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவளுடைய சட்டைப் பையிலிருந்து சிவப்புக் காகிதம் எட்டிப் பார்த்தது.