செஞ்சிக் கோட்டையைக் கட்டியது யார்?

'திண்டி நிறையக் கிடைத்த வனம் என்பதால் இந்த ஊருக்குத் திண்டிவனம் என்று பெயர்.'

பூமாலை டீக்கடைப் பலகையில் இப்படி எழுதியிருந்தது. எதிர்வீட்டு மாடி ஜன்னலிலிருந்து கிருஷ்ணசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தரம் படித்தார். அப்படியேதான் இருந்தது.

விறுவிறுவென்று படி இறங்கிப் போனார்.

"யோவ் பூமாலை, திண்டியுமில்ல, தொண்டியுமில்ல. திந்திரிணி வனம். திந்திரிணின்னா புளி. புளியங்காடுய்யா இது."

"அப்படிங்களா சார்? ரோட்டோரம் இத்தினி ஓட்டல் இருக்குதே, அதனால வந்த பேருன்னு நெனைச்சிக்கினு இருந்தேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிருஷ்ணசாமி சாக்பீஸைப் பிடுங்கித் திருத்தினார். திருத்திய கையோடு நாலு பேருக்கு விளக்கமும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது.

தினமும் இதே கூத்துதான்.

பூமாலை எட்டாவதோடு நின்றவர். பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட கரும்பலகையை வாங்கி வந்து, மை பூசி, கடை வாசலில் மாட்டி, நாளுக்கொரு அதிசயச் சேதி எழுதிவந்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட ரோட்டைத் தாண்டி வந்து படித்துவிட்டுப் போவார்கள். அதில் அவருக்குத் தலைகொள்ளாத பெருமை.

கிருஷ்ணசாமி சர்வே இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் நிலம் அளக்கிற சங்கிலி பிடித்தவர். ஒரு கண்ணி பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து அளப்பார்.

திங்கட்கிழமை, திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களுக்கு வயது இருநூறு என்று எழுதியிருந்தது. அன்றைக்குக் கிருஷ்ணசாமிக்கு நிஜமாகவே பொறுக்கவில்லை. இரண்டு கோடி வருஷத்தை இப்படித் துடைத்துப் போட்டால் எப்படி? படிக்கிற பிள்ளைகள் பார்க்கிற பலகை இது, பொய் சொல்வதற்குப் பதில் சும்மா இருக்கலாம் என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"இன்னும் ஒரு தப்பு வரட்டும். பலகையைக் கழட்டிடணும். சம்மதமா?"

பூமாலை பாய்லரில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார்.

"சரிங்க சார்."

செவ்வாய்க்கிழமை, மண்டகப்பட்டுக் குகைக்கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் எழுப்பியதாக மகேந்திரவர்மனே அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான் என்று எழுதியிருந்தது. அத்தனையும் சரி. கிருஷ்ணசாமி எழுத்துப் பிழையாவது இருக்குமா என்று தேடினார். மூணுசுழி, ரெண்டுசுழிகூட அதனதன் இடத்தில் இருந்தது.

புதன்கிழமை, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். சரி.

வியாழக்கிழமை, தேன் லேசில் கெடாது. அதுவும் சரி.

சரியாக இருக்கிற ஒன்றைப் பார்க்க எவன் படி இறங்குவான்? கிருஷ்ணசாமி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். காலையில் வைத்த கஞ்சி மூன்று நாளும் ஆறிப்போய்த்தான் கிடந்தது. ஜெயித்தது தான்தான் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜன்னலைத் திறந்தார்.

'செஞ்சிக் கோட்டையைக் கட்டியது வெள்ளைக்காரன்.'

செஞ்சியா? ராஜகிரி உச்சி வரைக்கும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியவரிடமா? கோனார்கள் தொடங்கி, விஜயநகரம், நாயக்கர்கள், மராட்டியர்கள் என்று தலைமுறை தலைமுறையாக எழுப்பிய கோட்டை. வெள்ளைக்காரன் வந்ததே கடைசியில். அதுவும் பிரெஞ்சுக்காரனிடமிருந்து பிடுங்கியதுதான்.

எந்தச் செருப்பு எந்தக் காலில் என்று பார்க்காமல் இறங்கினார். தொலைந்தது பலகை என்று கறுவிக்கொண்டே ரோட்டைத் தாண்டினார். கடை முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகும்போது, ஆட்டோக்கார மணிமாறன் பூமாலையைத் திட்டுவது கேட்டது.

"ஏண்ணே, மூணாங்கிளாஸ் புள்ளைக்கே தெரியும் இது தப்புன்னு. பலகை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்பா."

"தெரிஞ்சே எழுதினியா?"

கண்ணாடி டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றது.

"சம்சாரம் ஜெயம் அக்கா போய்ச்சேந்தப்புறம் நாலு மாசம் அந்த மனுஷன் கதவைத் தொறக்கலடா. நான் டீ எடுத்துக்கினு போனாலும் வாணாம்னுட்டாரு. ஒரு நாள் தெரியாத்தனமா பலகையில தப்பா எழுதிட்டேன். சண்டைக்கு இறங்கி வந்தாரு. வந்தவரு டீ குடிச்சாரு, நாலு பேருகிட்டப் பேசினாரு. அன்னியிலேர்ந்து தெனம் ஒரு தப்பு யோசிக்கிறேன். இந்த மூணு நாளு சரியா எழுதினேன். ஆளைக் காணோம்."

"அதுக்குன்னு பலகையை வுட்டுடுவியா?"

"போனா போவட்டும். அவரு இறங்கி வரட்டும்."

ஆட்டோவுக்குப் பின்னாலேயே கிருஷ்ணசாமி நின்றுவிட்டார். வேட்டி நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தது போதாமல் கண்ணையும் துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே வந்தார்.

பூமாலை அவரைப் பார்த்ததும் சிரித்தார். உடனே சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஆணியிலிருந்து பலகையைக் கழற்றினார்.

"தப்பாயிடுச்சிங்க சார். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கிருஷ்ணசாமி வாயையே பார்த்தார்கள். அவர் பலகையை முதலெழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் படித்தார். பூமாலை சாக்பீஸை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"எங்கேய்யா தப்பு? வெள்ளைக்காரன்தான் கட்டினான். மாட்டு பலகையை."