ரெசின் ஊற்றாத ஓட்டை

சந்தவாசல் ஷெட்டில் நின்ற விதை தூவும் குட்டி விமானத்தின் வால்பக்க ஃபைபர் பலகையில் பன்னிரண்டு ஓட்டைகள் தேய்ந்திருந்தன. ஸ்க்ரூ போட்டால் சும்மா சுற்றியது. மெக்கானிக் சின்னராஜ் பதினொன்றில் ரெசின் பசை ஊற்றி, காயவைத்து, புதிதாகத் துளையிட்டான். கடைசி ஓட்டைக்கு ரெசின் தீர்ந்துவிட்டதால், அதில் ஸ்க்ரூவைச் சும்மா செருகி வைத்தான்.

மறுநாள் காலையில் அதிலும் ஸ்க்ரூ இறுகியிருந்தது.

"முடிஞ்சிச்சிங்களாண்ணா? மழைக்கு முன்னாடி மலைக்கு ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன்," என்றாள் பைலட் செவ்வந்தி.

"இரும்மா. அந்த ஓட்டையில நான் ஒண்ணுமே ஊத்தல."

"ஊத்திட்டு மறந்திருப்பீங்க. நேத்து டீயே ரெண்டு வாட்டி குடிச்சீங்க."

அவன் ஸ்க்ரூவை அரைச்சுற்று தளர்த்திவிட்டுக் கையை எடுத்தான். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக அரைச்சுற்று திரும்பி இறுகியது.

செவ்வந்தி விமானத்தின் சாவியை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.